செட்டிநாட்டுப் பொட்டலில் மழைக்காளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் நாலு நாள் நல்ல மழை பெய்து வெயில் எட்டிப் பார்த்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். “சார், கண்மாய்க் கரையில வெள்ளை வெளேர்னு முளைச்சிருக்கு, படம் அனுப்பிருக்கேன், ஆக்கித் திங்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க.” காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து “தின்னலாம்” என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். காரணத்தைத் தனித்தனியாக விளக்குவதைவிட, கேட்கிற கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பத்தாவோடு பொட்டலில் அலைந்து கற்றது பாதி. தாவரவியல் வாத்தியாராகி நுண்ணோக்கியில் பார்த்துக் கற்றது மீதி.

நம் பக்கம் நம்பிப் பறிக்கக்கூடிய காட்டுக்காளான் எது?

என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான். புற்றுக்காளான். நம் ஊர் செம்மண்ணிலும் செம்புராங்கல் மேட்டிலும் கறையானுக்குப் பஞ்சமே இல்லை. கண்மாய்க் கரை, ஆடு மாடு மேயும் பொட்டல், கோயில்காடு, பழைய முந்திரித் தோப்பு என்று எங்கே கறையான் கூடு இருக்கிறதோ அங்கே மழைக்குப் பிறகு இது வரும். வேறு தின்னத்தக்க வகைகளும் உண்டு. ஆனால் அவற்றைப் பிரித்தறியப் பல வருடப் பழக்கம் வேண்டும். புதிதாகக் கற்பவர் இந்த ஒன்றை ஐயம் திரிபற அறிந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் நாய்க்குடை என்று விட்டுவிடுவதுதான் என் கட்சி.

சரி, புற்றுக்காளானை எப்படி உறுதி செய்வது?

மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடியைத் தோண்டிப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பத்தா கற்றுக்கொடுத்தது அப்படியே நினைவிருக்கிறது. ஊருக்கு மேற்கே, தைலமரக்காட்டுக்கு முன்னால் ஒரு மேடு. நான் ஓடிப்போய் ஒரு குடையைப் பிடுங்கினேன். தண்டு பாதியில் முறிந்து கையோடு வந்தது. அப்பத்தா அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொன்றைச் சுற்றிக் களைக்கொத்தியால் மெதுவாக மண்ணைத் தள்ளினாள். தண்டு தரைக்குக் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சாண் ஆழத்தில் அது மெலிந்து, கறுத்து, வாழைநார் போல ஆகி இன்னும் கீழே இறங்கியது. “வேரு எறங்கிப் போகலேன்னா அது நமக்கில்லடா” என்றாள்.

அந்த வேர்தான் முதல் அடையாளம். அது கறையான் கூட்டில் போய் முடியும். கூடு ஆழத்தில் இருந்தால் வேர் முழங்கை நீளத்துக்கும் மேல் இருக்கும். இரண்டாவது, குடையின் நடு உச்சி. ஆணியின் முனை போலக் கூர்மையாக, கெட்டியாக, கொஞ்சம் பழுப்பேறி இருக்கும். இறுகிய செம்மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவதற்கான அமைப்பு அது. குடை விரிந்து ஓரம் கிழிந்த பிறகும் அந்த முனை தடவினால் கையில் படும். மூன்றாவது, குடைக்கு அடியில் விசிறி மடிப்புப் போல இருக்கும் மடிப்புகள். முதலில் வெள்ளை, வயதாக ஆக லேசான ரோஸ். அவை தண்டில் ஒட்டாமல் விலகி நிற்கும். நான்காவது, வித்துத்தூளின், அதாவது மடிப்பிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துகளின் நிறம். அது வெளிர் ரோஸ் அல்லது பாலேடு கலந்த ரோஸாக இருக்க வேண்டும். தூளைப் பார்க்கும் முறையைக் கீழே சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது, தண்டின் அடியில் பையோ கிண்ணமோ இருக்கவே கூடாது.

இந்த ஐந்தில் நாலு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள். தண்டில் வளையம் இருப்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவு செய்ய முடியாது. புற்றுக்காளானிலேயே வளையம் உள்ள வகை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜன் 1979 இல் தென்னிந்தியாவிலிருந்து உலகுக்கு அறிவித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி அப்படிப்பட்டது.

புற்றின் மேல் முளைத்தாலே அது புற்றுக்காளான்தானே?

இல்லை. புற்றின் தலையிலேயே, முருங்கைக்காய்த் துண்டை நட்டுவைத்தது போல, விரியாத நீளக் குடையுடன் ஒன்று வரும். அதன் பெயர் போடாக்சிஸ். முற்றினால் உள்ளே கரும்பழுப்புத் தூளாகிவிடும். சில வறண்ட நாடுகளில் இதைப் பிஞ்சில் தின்கிறார்கள், நான் பறிப்பதில்லை. புற்றுக்குப் பக்கத்துப் புல்லில் நஞ்சுக்குடையும் முளைக்கலாம். இடம் ஒரு துப்பு மட்டுமே.

கறையானுக்கும் காளானுக்கும் அப்படி என்ன உறவு?

கறையான் இந்தக் காளானைப் பயிர் செய்கிறது. சருகு, சுள்ளி, வைக்கோல் என்று அரித்துத் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கொண்டு கூட்டுக்குள் கடற்பஞ்சு போல ஓர் அடுக்கைக் கட்டும். அதில் இந்தப் பூஞ்சை படர்ந்து, கறையானால் செரிக்க முடியாத நாரையெல்லாம் மெதுவாக்கித் தரும். அடுக்கில் கடுகு அளவு வெள்ளை உருண்டைகள் பூத்திருக்கும். கறையானுக்கு அவை உணவு. மழைக்காலத்தில் பூஞ்சை மேலே தண்டு நீட்டிக் குடை விரித்தால் அது நமக்கு உணவு. பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம் 1942 இல் இந்த இனத்துக்கே கறையான் பெயரைச் சேர்த்து டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் இதே இனத்தில் ஒரு வகையின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும்.

நம்மவர்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. சங்கப் பாட்டில் காளானுக்கு ‘ஆம்பி’ என்று பெயர். அடுப்பெரியாத ஒரு வறிய வீட்டின் சமையற்கட்டில், கறையான் கூட்டம் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் ஆம்பி பூத்திருக்கும் காட்சி ஒன்று அதில் வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

எங்கள் ஊரில் ஈசல் கிளம்பிய இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான்தான். அடியில் உயிருள்ள கூடு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அரிசி இறைத்தது போலக் குட்டிக் குட்டியாக முளைக்கிறதே, அது?

அதுவும் புற்றுக்காளான் இனமாக இருக்க வாய்ப்புண்டு. கறையான் தன் கூட்டின் அடுக்கைத் துணுக்குத் துணுக்காக வெளியே கொண்டுவந்து போடும்போது அதிலிருந்து விரல்நக அளவில் நூற்றுக்கணக்காக முளைப்பது. ஆனால் இதற்கு ஆழ வேர் கிடையாது. நம்முடைய முக்கியமான அடையாளமே இல்லாததால், பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

புல்தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளைக்குடை, வட்டமாக நிற்கிறது. தின்னலாமா?

கூடாது. நம் பக்கம் அதிகம் பேரைப் படுக்க வைக்கிறது இதுதான் என்பது என் அனுபவம்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கல்லூரி முடித்த வருடம். ஊருணிக் கரையில், மாடு கட்டும் புல்தரையில், பத்துப் பன்னிரண்டு குடைகள் வட்டம் போட்டு நின்றன. தும்பைப்பூ வெள்ளை, உச்சியில் மட்டும் வெல்லப்பாகு நிறத்தில் செதில் செதிலாக. மடிப்பும் வெள்ளை, மணமும் நன்றாக இருந்தது. அப்பத்தா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அன்று எனக்கு வரவில்லை. வீட்டில் மிளகு போட்டு வறுத்து நானும் தம்பியும் சித்தப்பாவும் தின்றோம். இரண்டு மணி நேரத்தில் தம்பி திண்ணையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அப்புறம் நான், அப்புறம் சித்தப்பா. வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. அன்று இரவு மூவருக்கும் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறியது. எங்களோடு உட்கார்ந்திருந்த சித்தப்பா மகளுக்கு ஆறு வயது. அவளுக்குக் காரம் பிடிக்காது என்பதால் தின்னவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் குழந்தைகளுக்கு உடம்பு நீர் வற்றுவது மிக வேகமாக நடக்கும்.

அதன் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் எங்கும் உண்டு. இளசாக இருக்கும்போது மடிப்பு வெள்ளையாகவே இருந்து ஏமாற்றும். முற்றிய பிறகுதான் பாசிப்பச்சை கலந்த சாம்பல் நிறம் தட்டும். தண்டில் வளையம் இருக்கும், அதை மேலும் கீழும் நகர்த்தலாம். அடிக்கு வேர் கிடையாது, தண்டு கொஞ்சம் பருத்து அங்கேயே முடிந்துவிடும். வித்துத்தூள் பச்சை. பெரிய குடைக்காளான்களில் பச்சைத் தூள் விழுவது அபூர்வம் என்பதால் அந்த ஒரு சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

வித்துத்தூள் நிறத்தை எப்படிப் பார்ப்பது?

விரிந்த குடையைத் தண்டு நீக்கி, மடிப்புப் பக்கம் கீழாக ஒரு தாளின் மேல் வையுங்கள். தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருப்பது நல்லது, வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் தெரியாது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் கவிழ்த்து மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எடுத்தால் மடிப்பின் கோடுகள் அச்சு அசலாகத் தாளில் விழுந்திருக்கும். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். என் வகுப்பில் வருடா வருடம் செய்வேன்.

ரோஸ் என்றால் மேலே போகலாம். பச்சை என்றால் குப்பைக் குழிக்கு. தூய வெள்ளை என்றாலும் வேண்டாம், அமானிட்டா எனும் கொடிய குடும்பத்தின் தூள் வெள்ளைதான். ஒரு ராத்திரி காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் காட்டுக்காளான் பக்கமே போகக் கூடாது.

மஞ்சள் தண்ணீரில் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுக்கும் என்கிறார்களே?

எல்லாம் பொய். பூண்டு கறுக்கும், அரிசி சிவக்கும் என்பதும் பொய். பூச்சி அரித்திருந்தால் நல்லது, ஆடு மேய்ந்தால் நல்லது என்பதும் பொய்தான். பூச்சிக்கும் ஆட்டுக்கும் ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. மஞ்சள் தண்ணீரில் கழுவுவது மண்ணையும் சிறு பூச்சியையும் போக்கும், அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். நன்றாகக் கொதிக்கவிட்டால் விஷம் முறியும் என்பது இவற்றிலேயே ஆபத்தானது. அமானிட்டாவின் கொடிய விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது.

போனில் உள்ள செயலி ஏதோ ஓக் மரக்காட்டுக் காளான் பெயரைக் காட்டுகிறது. சரியாக இருக்குமா?

அநேகமாக இருக்காது. காளான்களில் பல வகைகள் குறிப்பிட்ட மரத்தின் வேரோடு கூடி வாழ்பவை. மரத்துக்குத் தண்ணீரும் தாதுச் சத்தும் சேர்த்துக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவில் விரும்பிப் பறிக்கும் போர்சினி ஓக், பைன் போன்ற மரங்களின் கீழ் வருவது. அதே ஓக் மரத்தடியில்தான் ‘மரணக் குடை’ எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸும் வரும். அங்கே காளான் விஷத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தின்றவர்களே.

நம் பொட்டலில் ஓக் கிடையாது. இங்கே இருப்பது பனை, கருவேலம், முந்திரி, தைலமரம். மரம் வேறு என்றால் காளானும் வேறு. செயலி பெரும்பாலும் அந்த ஊர்ப் படங்களை வைத்துப் பழகியிருக்கிறது, அடியில் வேர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பெயர் தேடிப் படிக்க ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் சட்டி வைக்க அதை நம்பாதீர்கள்.

தைலமரக்காட்டில் உருளைக்கிழங்கு போல உருண்டையாக இருக்கிறதே?

தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, தன் வேர்க்காளான்களையும் கூடவே கூட்டி வந்திருக்கிறது. அந்த உருண்டைகளை நறுக்கிப் பாருங்கள். தோல் தடித்து, உள்ளே ஊதா கலந்த கறுப்பாகவோ, பருப்புப் பருப்பாக அறைகளாகவோ இருந்தால் அவை விஷ உருண்டையும் மரத்தோடு வாழும் பைசோலித்தஸும்தான். மரத்துக்கு நல்லவை, நமக்கு உணவல்ல.

தின்னக்கூடிய வெள்ளைப் பந்துக்காளான் என்றால் மேலிருந்து கீழாக வெட்டும்போது உள்ளே முழுக்கப் பனீர் போல ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். வெட்டிய பரப்பில் குடை, தண்டு, மடிப்பு என்று ஒரு குட்டிக் காளானின் கோட்டுருவம் தெரிந்தால், அது இன்னும் விரியாத அமானிட்டாவாக இருக்கலாம். கத்தியைக் கழுவி, கையைக் கழுவி, அதைத் தூரப் போடுங்கள்.

வைக்கோல் படப்பில் வரும் காளான்?

வைக்கோல் காளான் நல்ல உணவு. 1943 இலேயே கோயம்புத்தூரில் அதை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதன் தண்டின் அடியிலும் ஒரு பை இருக்கும், அமானிட்டாவிலும் பை இருக்கும். தூள் ரோஸா வெள்ளையா என்பதுதான் இரண்டையும் பிரிக்கும் வழி. தானாக முளைத்ததை விட்டுவிட்டு, வேண்டுமானால் விதை வாங்கி வளர்த்துத் தின்னுங்கள்.

சாணியில் முளைப்பது?

வேண்டாம். சிலவற்றில் மதி மயக்கும் பொருள் உண்டு, அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

மரத்தில் தட்டு போல ஒட்டியிருப்பது?

கட்டை போல் இருக்கும், சமைக்க முடியாது. ஆனால் தென்னை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அடிமரத்தில் சாறு வடிந்து, அங்கே பளபளப்பான செம்பழுப்புத் தட்டு முளைத்தால் அது கேனோடெர்மா, அதாவது தஞ்சாவூர் வாடல் நோய். பறித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். மண்வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும்.

நம் மசாலாவில் போடும் கல்பாசி காளானா?

பாதி! கல்பாசி என்பது ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடும்பம் நடத்தும் உயிர். பூஞ்சை வீடு கட்டும், பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்கும். செட்டிநாட்டுச் சமையலுக்கே அடையாளமான அந்த மண்வாசனை இதிலிருந்து வருவது. ஆனால் செட்டிநாட்டில் விளைவதில்லை, ஈரக்காற்றுள்ள மலைப்பகுதிகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் படர்வது.

காளானுக்காகப் புற்றை இடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வேரைப் பார்க்க ஒன்றைத் தோண்டினால் போதும். மற்றவற்றைத் தரைமட்டத்தில் திருகி எடுங்கள், தோண்டிய குழியை மூடிவிடுங்கள். கூட்டைக் கலைக்காவிட்டால் அடுத்த வருடமும் அதே இடத்தில் வரும். எங்கள் ஊர் மேட்டில் நான் பார்க்க முப்பது வருடமாக வருகிறது. புற்றில் பாம்பு இருக்கும், கையை விடாதீர்கள். மஞ்சள் பூசிப் பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்று என்றால் கேட்காமல் பக்கத்தில் போகாதீர்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. சாலையோரம், மருந்தடித்த தோப்பு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், மண்ணில் உள்ள நஞ்சைக் காளான் இழுத்துக்கொள்ளும்.

பறித்ததை எப்படிக் கொண்டுவந்து சமைப்பது?

ஓலைக் கொட்டானில் போட்டு எடுத்து வாருங்கள். பாலித்தீன் பையில் வியர்த்து ஒரு மணி நேரத்தில் கொழகொழத்துவிடும். பறித்ததில் தூள் சோதனைக்கு ஒன்று போக மீதியைச் சுத்தம் செய்து, துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை முடிவு தெரிந்ததும் சமைத்துவிடுங்கள். அதற்கு மேல் வைக்காதீர்கள். சமைக்காமல் ஒன்றிரண்டை எடுத்து வையுங்கள், ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

அப்பத்தா பக்குவம் இது. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, கையால் நாராகக் கிழித்த காளானைப் போட்டு மூட வேண்டும். அதுவே தண்ணீர் விடும். தண்ணீர் முழுதும் வற்றிய பிறகு மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டுப் பிரட்டி இறக்க வேண்டும். நாட்டுக்கோழி மாதிரி நார் நாராக இருக்கும். கரம் மசாலா போட்டு அந்த வாசனையை மூடிவிடாதீர்கள். முதல் முறை தின்பவர் இரண்டு வாய் மட்டும் தின்று ஒரு நாள் பொறுத்துப் பார்க்கட்டும்.

தின்ற பிறகு உடம்பு சரியில்லை என்றால்?

உடனே 108. உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், புளித்தண்ணீர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள். மீதமிருக்கும் காளான், தோலுரித்த குப்பை, சட்டியில் ஒட்டியிருப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போய் மருத்துவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மணிக்கணக்கு மிக முக்கியம். தின்ற மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் குடலோடு போய்விடும் வகை. ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும், அது அமானிட்டா வகை விஷமாக இருக்கலாம். அதில் இரண்டாம் நாள் வாந்தி நின்று ஆள் தேறிவிட்டது போல இருக்கும். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அதே நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். வாந்தி நின்றாலும் கல்லீரல் பரிசோதனை செய்யாமல் வீடு திரும்பாதீர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்துக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்: 1800 116 117. ஒரே சட்டியில் தின்ற எல்லாரையும், நன்றாக இருப்பவர் உட்பட, கூட்டிப் போங்கள்.

இவ்வளவு வம்பு எதற்கு, புற்றுக்காளானை வீட்டிலேயே வளர்க்க முடியாதா?

முடியாது. கறையான் இல்லாமல் அதைக் குடை விரிக்க வைத்து வணிக முறையில் வளர்க்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஆசை உள்ளவர்களுக்கு நான் சொல்வது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆய்வு நிலையத்திலிருந்து 1998 இல் ஏபிகே 2 என்ற பெயரில் வந்தது. 30 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குத் தோது, ஆகவே நம் சித்திரை வெயிலுக்கும் தாங்கும். வைக்கோலை வேகவைத்து, பையில் விதையோடு அடுக்கி, மேலே மண் போட்டு ஈரம் காத்தால் போதும். பயிற்சி வேண்டுமானால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். சதைப்பற்றில் புற்றுக்காளானுக்குக் கிட்டத்தட்ட வரும். வாசனை மட்டும் வராது, அதற்கு ஐப்பசி மழையும் அந்த மேடும் வேண்டும்.